ஆராரோவுக்குள் ஆறு மாத்திரை: தாலாட்டின் தாளம் இயங்கும் விதம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பிள்ளைக்குத் தொட்டில் போடும் வீடானாலும் சரி, தமிழ்ப்பள்ளி விழா மேடையானாலும் சரி, தாலாட்டு என்றதும் சில பேச்சுகள் தவறாமல் எழும். "தாலாட்டுக்கு ஏது தாளம்? வாய்க்கு வந்தபடி இழுத்துப் பாட வேண்டியதுதானே" என்பார்கள். "எந்தப் பாட்டையும் மெதுவாகப் பாடினால் தாலாட்டாகிவிடும்" என்பார்கள். கொஞ்சம் இசை கேட்டுப் பழகியவர்கள், "நீலாம்பரியில் பாடினால் போதும், குழந்தை தூங்கிவிடும்" என்பார்கள்.

மூன்றும் தவறு. நீலாம்பரி ஒரு ராகம். எந்தச் சுரங்களை எப்படித் தொட வேண்டும் என்பதை ராகம் சொல்லும். எவ்வளவு நேரத்தில் தொட வேண்டும் என்பதைச் சொல்லாது. மெதுவாகப் பாடுவதும் போதாது. எதைவிட மெதுவாக என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். தாளமே இல்லை என்பதோ முழுத் தவறு. தாலாட்டில் தாளம் கையில் இல்லை, மிருதங்கத்தில் இல்லை, அதனால் கண்ணில் படுவதில்லை. அது தொட்டில் கயிற்றில் இருக்கிறது.

நடந்து பார்த்தால் புரியும்

லயத்து வீட்டு வாசலிலிருந்து சாலைவரை நடக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இடது, வலது, இடது, வலது என்று கால் விழுகிறது. அடிக்கு அடி ஒரே இடைவெளி. இப்படிச் சீராக விழும் அடிகளின் சுற்றுக்குத்தான் தாளம் என்று பெயர். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்பது லயம். (தோட்டத்து வரிசை வீடுகளையும் நாம் லயம் என்றுதான் சொல்கிறோம். அது 'லைன்' என்ற ஆங்கிலச் சொல் நம் நாக்கில் உருண்டு வந்தது. இசையின் லயம் வேறு சொல்.)

இப்போது ஒவ்வோர் அடிக்குள்ளும் "தக திமி" என்று சொல்லிக்கொண்டே நடங்கள். அடி ஒன்றுக்கு நான்கு எழுத்து வருகிறது. பிறகு கால் வேகத்தை மாற்றாமல் "தகிட" என்று சொல்லுங்கள். இப்போது மூன்று. கால் அதே வேகத்தில்தான் போகிறது. ஆனால் நடையில் ஓர் அசைவு, ஒரு சாய்வு வந்துவிட்டது. ஓர் அடிக்குள் எத்தனை சமக் கூறுகள் என்பதற்கு நடை என்று பெயர். நான்கானால் சதுஸ்ரம், மூன்றானால் திஸ்ரம். கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் என்று ஐந்து, ஏழு, ஒன்பது கூறுகளும் உண்டு. தாலாட்டுக்கு அவை தேவைப்படுவதில்லை.

ஆக, அடிகளின் சுற்று தாளம். அவற்றின் இடைவெளி லயம். அடிக்குள் இருக்கும் கூறு நடை. "தாளம் சரியில்லை" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும்போது இந்த மூன்றில் எது சரியில்லை என்று கேட்க வேண்டும். தாலாட்டில் பெரும்பாலும் கெட்டுப்போவது லயம்.

மாத்திரை: நாவின் அளவுகோல்

தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு. "ரோ ரோ ரோ" என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு நுனி தொட்டில்போல ஆடுவது தெரியும். அந்த நாக்கின் நேரத்தை அளக்கத் தமிழில் பழைய அளவுகோல் ஒன்று இருக்கிறது: மாத்திரை. கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியம் அதைச் சொல்கிறது. குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, மெய்யெழுத்துக்கு அரை. பள்ளியில் படித்ததுதான். பாட்டில் மட்டும் ஒரு சிறு மாற்றம். "கண்", "வந்" என்று குறிலோடு மெய் சேர்ந்து நின்றால் பாடும்போது அது ஒரு நெடில் அளவுக்கு, அதாவது 2 மாத்திரைக்கு நீள்கிறது. "பால்" என்று நெடிலோடு மெய் சேர்ந்தாலும் அதே 2 என்றே எண்ணுவோம்.

இந்த அளவுகோலை நம் எல்லோருக்கும் தெரிந்த இரண்டு சொற்களில் வைத்துப் பார்க்கலாம்.

ஆராரோ: ஆ 2, ரா 2, ரோ 2. மொத்தம் 6.
ஆரிரரோ: ஆ 2, ரி 1, ர 1, ரோ 2. மொத்தம் 6.

இரண்டாவது சொல் ஏதோ ஓசைக்காக உளறியது அல்ல. முதல் சொல்லின் நடு நெடிலை இரண்டு குறிலாக உடைத்திருக்கிறார்கள். சொல் மாறியது, நேரம் மாறவில்லை. இன்னும் கூர்ந்து பாருங்கள்: 2, 1, 1, 2. முன்னிருந்து எண்ணினாலும் பின்னிருந்து எண்ணினாலும் ஒன்றே. தொட்டில் போன வழியே திரும்பி வருவதைப்போல ஒலியும் போய்த் திரும்புகிறது. பிள்ளைத்தமிழின் மூன்றாம் பருவம் தாலப்பருவம். அதில் வரும் "தாலேலோ"வை எண்ணினாலும் தா 2, லே 2, லோ 2, ஆறுதான். பெரியாழ்வாரும் குலசேகராழ்வாரும் தங்கள் தாலாட்டுப் பாசுரங்களை இதே சொல்லில்தான் முடிக்கிறார்கள்.

ஆறு ஏன் இவ்வளவு வசதி? அதை மூன்று இரண்டாகவும் பிரிக்கலாம், இரண்டு மூன்றாகவும் பிரிக்கலாம். ஆ-ரா-ரோ என்று பாடினால் 2+2+2. ஆரி-ரரோ என்று நடுவில் பிரித்தால் 3+3. ஒரே பாட்டு இரண்டு விதமாக ஆட இடம் கொடுக்கிறது. இந்த நெகிழ்வு எட்டுக்கு இல்லை. எட்டைப் பாதி, பாதியாகத்தான் சமமாக வெட்ட முடியும். நான்கு நான்காக நடக்கும் தாலாட்டுகளும் உண்டு, அவை கெட்டுப்போனவை அல்ல. ஆனால் ஆட்டத்தோடு ஒட்டிக்கொள்வதில் ஆறு தனி.

மூன்று கூறு வந்தாலே தூக்கம் வந்துவிடும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். காவடிச்சிந்துகள் பலவும் திஸ்ர நடைதான். தைப்பூசத்தில் அதே நடைக்கு ஆள் எழுந்து ஆடுகிறார். வீட்டில் அதே நடைக்குக் குழந்தை கண்ணை மூடுகிறது. வேறுபாடு நடையில் இல்லை. அதை எது இழுத்துக்கொண்டு போகிறது என்பதில் இருக்கிறது. காவடியில் உறுமி மேளம், தாலாட்டில் தொட்டில்.

தொட்டில் ஒரு கடிகாரம்

சேலைத் தொட்டில், அதாவது ஏணை, இயற்பியல் கணக்கில் ஓர் ஊசல். ஊசல் ஒருமுறை போய்த் திரும்ப ஆகும் நேரத்தை அதன் நீளம்தான் தீர்மானிக்கிறது. குழந்தையின் எடை தீர்மானிப்பதில்லை. எவ்வளவு தூரம் ஆட்டுகிறோம் என்பதும் ஏறக்குறையத் தீர்மானிப்பதில்லை. நடுவிலிருந்து 10 பாகை ஆட்டினாலும் 30 பாகை ஆட்டினாலும் நேர வித்தியாசம் நூற்றில் இரண்டு பங்குகூட வராது. வேகமாக ஆட்டினால் சீக்கிரம் தூங்கும் என்று பலமாகத் தள்ளுகிறவர்கள் லயத்தை மாற்றவில்லை. குழந்தையை அதே நேரத்துக்குள் அதிக தூரம் வீசுகிறார்கள், அவ்வளவுதான். அது ஆபத்தும்கூட.

நீளம் என்பது விட்டத்தில் முடிச்சுப் போட்ட இடத்திலிருந்து குழந்தையின் வயிறு வரை. அது 1 மீட்டரானால் ஒரு போய்வரவுக்கு 2 விநாடி. 1.5 மீட்டரானால் ஏறக்குறைய 2.5 விநாடி. 2 மீட்டருக்கு 2.8. நீளம் இரட்டித்தால் நேரம் இரட்டிப்பதில்லை. நான்கு மடங்கு நீளத்துக்குத்தான் இரண்டு மடங்கு நேரம்.

இதைப் பாட்டோடு சேர்த்தால் விளங்கும். ஒரு போய்வரவுக்கு ஓர் "ஆராரோ" என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டம் 3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குழந்தை தரையிலிருந்து 60 சென்டிமீட்டரில் கிடக்கிறது என்றால் ஊசல் நீளம் 2.4 மீட்டர், நேரம் 3.1 விநாடி. ஒரு மாத்திரைக்கு அரை விநாடிக்குச் சற்று மேல் கிடைக்கிறது. நிறுத்தி, இழுத்து, குரலை வளைத்துப் பாடலாம். அடுக்குமாடி வீட்டில் இரும்புத் தாங்கியில் கட்டிய தொட்டிலுக்கு 1.1 மீட்டர்தான் கிடைத்தது என்றால் நேரம் 2.1 விநாடி, மாத்திரைக்கு 0.35 விநாடி. அதே பாட்டு ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட வேண்டியிருக்கிறது. தோட்டத்தில் உயர்ந்த விட்டத்தடியில் பாடிப் பழகிய பாட்டி, மகளின் அடுக்குமாடி வீட்டில் பாடும்போது இழுப்பு வரவில்லையே என்று தடுமாறினால், குறை குரலில் இல்லை, கயிற்றில்தான்.

பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்க, விடியுமுன் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு)ப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்சென்ற ஆயாக்கொட்டகை என்ற தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்திலும் இந்தக் கணக்கு வேலை செய்தது. ஒரே விட்டத்தில் ஒரே உயரத்தில் கட்டிய ஏணைகள், உள்ளே கிடப்பது மூன்று மாதப் பிள்ளையானாலும் ஒரு வயதுப் பிள்ளையானாலும், ஒரே நேரத்தில்தான் போய்வரும். ஓர் ஆயா ஒரே பாட்டால் நான்கைந்து தொட்டில்களை ஆட்ட முடிந்ததற்கு எடையைப் பொருட்படுத்தாத இந்த ஊசல் குணமே துணை. ஒன்றின் கயிறு மட்டும் நீளமாக இருந்தால் அது மற்றவற்றோடு சேராமல் பின்தங்கும். கை அதற்கென்று தனியாகப் போக வேண்டும்.

சுருக்கமாக இதுவரை: ஆராரோ 6 மாத்திரை. அந்த ஆறும் எத்தனை விநாடியில் முடிய வேண்டும் என்பதைத் தொட்டில் நீளம் சொல்கிறது. பாடுகிறவர் லயத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை, தொட்டிலிடமிருந்து வாங்கிக்கொள்கிறார்.

ஸ்பிரிங் தொட்டில் வேறு பாட்டு கேட்கும்

மலாய்க்காரர்கள் புவாயான் என்று சொல்லும் ஸ்பிரிங் தொட்டில் இன்று நம் வீடுகளிலும் சாதாரணம். இது பக்கவாட்டில் போவதைவிட மேலும் கீழும் துள்ளுகிறது. கணக்கு அடியோடு மாறிவிடும். இங்கே நீளம் முக்கியமில்லை; குழந்தையைக் கிடத்தியதும் ஸ்பிரிங் எவ்வளவு இறங்குகிறது என்பதே முக்கியம். சீராக நீளும் ஸ்பிரிங் 10 சென்டிமீட்டர் இறங்கினால் ஒரு துள்ளலுக்கு ஏறக்குறைய 0.6 விநாடி. 20 சென்டிமீட்டர் இறங்கினால் 0.9 விநாடி. குழந்தை 4 கிலோவிலிருந்து 8 கிலோவாக வளர்ந்தால் துள்ளல் நேரம் 1.4 மடங்காகிறது. ஆக, ஏணை பிள்ளை வளர்ந்தாலும் லயத்தை மாற்றாது. ஸ்பிரிங் தொட்டில் மாதாமாதம் மாற்றிக்கொண்டே போகும். போன மாதம் ஒட்டிய பாட்டு இந்த மாதம் ஒட்டவில்லை என்றால் காரணம் இதுதான்.

0.6 முதல் 0.9 விநாடிக்குள் ஒரு முழு ஆராரோவை அடைக்க முடியாது. என்ன செய்யலாம்? ஒரு துள்ளலுக்கு ஓர் எழுத்து என்று வையுங்கள். ஆ என்று ஒரு துள்ளல், ரா என்று ஒன்று, ரோ என்று ஒன்று. மூன்று துள்ளலில் ஓர் ஆராரோ. ஆரிரரோ வரும்போது நடுத் துள்ளலில் "ரிர" என்று இரண்டு குறில் விரைந்து போகும். முன்பு சொன்ன 2+2+2 இதுதான். ஏணையிலோ போக்கில் மூன்று, வரவில் மூன்று, அது 3+3. ஒரே ஆறு மாத்திரை, ஏணையில் இரண்டாக ஆடுகிறது, ஸ்பிரிங்கில் மூன்றாகத் துள்ளுகிறது. தாலாட்டைப் பற்றி ஒன்றே ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளலாம்.

மோட்டார் வைத்த தொட்டில் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் வேகத்தைப் பொத்தான் தீர்மானிக்கிறது; அந்த வேகத்தை எண்ணி, அதற்குப் பாட வேண்டும். ஸ்பிரிங் எதுவானாலும் அதற்குள் ஒரு காப்புக் கயிறு ஓட வேண்டும், ஸ்பிரிங் அறுந்தால் தொட்டிலை அது தாங்க வேண்டும். துருப்பிடித்த கொக்கியை மாற்றிவிடுங்கள்.

ஒரு வரியைத் தொட்டிலில் ஏற்றுவது

விளக்கத்துக்காகக் கட்டிய இரண்டு வரிகள்:

பால்வெட்டி வந்தகையால் பால்தந்தேன் கண்ணுறங்கு
கால்நோக நின்றிருந்து காக்கின்றேன் கண்ணுறங்கு

ஒவ்வொரு வரியிலும் நான்கு சொற்கூட்டம். செய்யுளில் இந்தக் கூட்டத்துக்குச் சீர் என்று பெயர். நான்கு சீர், நான்கு போய்வரவு. முதல் வரியை எண்ணலாம். "பால்வெட்டி": பால் 2, வெட் 2, டி 1. ஐந்துதான். ஆறாவது மாத்திரைக்கு "வெட்டீ" என்று டியை ஒன்று இழுக்க வேண்டும். பாடத் தெரிந்தவர்கள் இதை எண்ணாமலே செய்கிறார்கள். "வந்தகையால்": வந் 2, த 1, கை 1, யால் 2. அச்சாக ஆரிரரோ. (சொல்லின் நடுவே வரும் ஐகாரம் குறுகி 1 மாத்திரையாக ஒலிக்கும்.) "பால்தந்தேன்" 2, 2, 2, இது ஆராரோ. "கண்ணுறங்கு": கண் 2, ணு 1, றங் 2, கு 1. இதுவும் ஆறு, ஆனால் பிரிவு புதிது: 2+1, 2+1. தூய திஸ்ரம்.

மோனை எங்கே விழுகிறது என்று பாருங்கள். முதல் சீரில் "பால்", மூன்றாம் சீரில் "பால்". இரண்டாம் வரியில் "கால்", "காக்". கை தொட்டிலை இழுக்கும் நேரத்தில் அந்த எழுத்து வாயில் வந்தால் இழுப்பும் அழுத்தமும் ஒன்றாகும். மோனையை அழகுக்காக வைத்தது என்றே நினைக்கிறோம். தாலாட்டில் அது கைக்கு அடையாளக் கல். எந்த ஆட்டத்தில் இழுக்க வேண்டும் என்பதை வாய் கைக்கு நினைவூட்டுகிறது.

புதிதாகத் தாலாட்டு எழுதுகிறவர்கள் வழுக்கும் இடமும் இதுதான். "பால்வெட்டி" என்பதற்குப் பதில் "பால்வெட்டிவிட்டு" என்று எழுதினால் பொருள் தெளிவாகிறது. ஆனால் மாத்திரை 8. தொட்டில் திரும்பி வந்துவிடும், சொல் முடிந்திருக்காது. அடுத்த சொல்லை அவசரமாக விழுங்க வேண்டும் அல்லது தொட்டிலைப் பிடித்து நிறுத்த வேண்டும். இரண்டிலும் குழந்தை கண் திறந்துவிடும். குறைவாக எழுதுவது பிழையல்ல. குறையை இழுத்து நிரப்பலாம். மிகையை வெட்டத்தான் வேண்டும்.

மூச்சுக்கும் இடம் பார்க்க வேண்டும். போய்வரவு 2.5 விநாடி என்றால் ஒரு வரி 10 விநாடி. ஒரே மூச்சில் மென்மையாகப் பாட அது நீளம். இரண்டாம் சீர் முடிந்ததும், "வந்தகையால்" என்பதற்குப் பிறகு, மூச்செடுங்கள். சொல்லின் நடுவில் எடுத்தால் ஆறு ஏழாகிவிடும்.

செய்து பார்க்க

தொட்டிலில் குழந்தை இல்லாதபோது, ஏறக்குறைய அதே எடைக்கு ஒரு அரிசிப் பையை வையுங்கள். மெல்ல ஆட்டி, கைப்பேசியில் நேரம் பாருங்கள். ஒரு ஆட்டத்தை அளக்காதீர்கள், பிழை வரும். பத்துப் போய்வரவுக்கு எத்தனை விநாடி என்று பார்த்துப் பத்தால் வகுங்கள். பிறகு பாடாமல், தொட்டில் உங்கள் பக்கம் வந்து நிற்கும் கணத்தில் "ஒன்று" என்று தொடங்கி, அது மறுபடி வரும்போது "ஆறு" முடியும்படி எண்ணுங்கள். எண் சீராக வந்ததும் எண்ணுக்குப் பதில் ஆராரோ. அது ஒட்டிய பிறகே சொற்கள். சொல்லில் தொடங்குகிறவர்கள்தான் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள்.

கைப்பேசியில் சினிமாத் தாலாட்டை ஓடவிட்டு அதற்கேற்பத் தொட்டிலை ஆட்டும் வழக்கம் பெருகிவிட்டது. பதிவு செய்த பாட்டு ஒரே லயத்தில் ஓடும். அது உங்கள் கயிற்றுக்குத் தெரியாது. பாட்டின் சுற்று 2 விநாடி, தொட்டில் 3 விநாடி என்றால் கை பெரும்பாலும் தொட்டில் திரும்பி வராத கணத்தில் இழுக்கும். தொட்டில் குலுங்கும். அப்படிப் பாட்டோடுதான் ஆட்டுவேன் என்றால் கயிற்றைச் சுருக்கி 1 மீட்டருக்குக் கொண்டு வாருங்கள். இல்லையென்றால் கைப்பேசியை அணைத்துவிட்டு, சுருதி சுமாரான சொந்தக் குரலில் பாடுங்கள். தொட்டிலோடு ஒட்டிய சுமாரான குரல், ஒட்டாத நல்ல குரலைவிட மேல்.

தூக்கம் வரும்போது

குழந்தைக்குக் கண் சொருகும்போது பாட்டை மெதுவாக்க வேண்டும் என்ற எண்ணம் எல்லோருக்கும் இருக்கிறது. அங்கேதான் பல தாலாட்டுகள் குலைகின்றன. கையின் வலு குறையும்போது தொட்டிலின் வீச்சு குறைகிறது. நேரம் குறைவதுமில்லை, கூடுவதுமில்லை. 2.5 விநாடி கடைசி ஆட்டம்வரை 2.5 விநாடிதான். பாட்டை மட்டும் மெதுவாக்கினால் வாய் ஒரு பக்கம், தொட்டில் ஒரு பக்கம் போகும். வாயைப் பின்பற்றும் கை தவறான கணத்தில் இழுக்கும்.

குறைக்க வேண்டியது ஒலியையும் சொல்லையும். முதலில் வரிகள் போகட்டும், ஆராரோ ஆரிரரோ மட்டும் நிற்கட்டும். பிறகு ஆரிரரோவின் குறில்கள் போகட்டும். ஆ, ரா, ரோ. பிறகு ஆறு மாத்திரைக்கும் ஒரே "ரோ". பிறகு உதடு மூடிய முனகல். கையை எடுத்த பிறகும் தொட்டில் அதே கணக்கில் சில தரம் போய்வரும். அது நிற்கும்வரை முனகலும் அதோடு போய்வரட்டும்.